மீசையில் ஒட்டிய மண்

2017 மே 26ஆம் தேதி சிங்கப்பூரில் அகிலன் தானி தோற்றார். ஒன் சாம்பியன்ஷிப் நடத்திய வெல்டர்வெயிட் பட்டப் போட்டி அது. எதிரில் நின்றவர் அமெரிக்கரான பென் ஆஸ்க்ரன். ஐந்து சுற்றுகளுக்குத் திட்டமிட்ட ஆட்டம் முதல் சுற்றைத் தாண்டவில்லை. மறுநாள் ஈப்போவில் என் காதில் விழுந்த பேச்சு இரண்டே வகைதான். "என்னா பில்டப்பு கொடுத்தானுங்க, கடைசில ஒண்ணும் இல்ல" என்றார்கள் சிலர். "இருவத்தொரு வயசுப் பையன்லா, நம்ம ஆளு அந்த மேடை ஏறுனதே பெருசு" என்றார்கள் மற்றவர்கள். முதலாவது கேலி, இரண்டாவது பெருமிதம். ஆனால் இரண்டு தரப்பும் ஒன்றைச் சொல்லவே இல்லை. அந்தக் கூண்டுக்குள் என்ன நடந்தது? அகிலன் எதைச் செய்யப் பார்த்தார், எது முடியாமல் போனது, ஆஸ்க்ரன் எந்த இடத்தில் அவரை மாட்டவைத்தார்? கேட்டால் "புடிச்சான், அமுக்கிட்டான்" என்பதோடு முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்த 'அமுக்கிட்டான்' பற்றித்தான். சண்டைக்காரனை ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. கெத்து, மாஸ், சிங்கம், புலி, இப்போது முதலை. அகிலனின் மேடைப்பெயர் 'அலிகேட்டர்'. ஆனால் ஒருவன் தன் இடுப்பை எங்கே வைத்தான், தலையை எந்தப் பக்கம் அழுத்தினான் என்று சொல்வதற்கு நாக்கு வராது. இது சொற்பஞ்சம் மட்டுமா, பார்வைப் பஞ்சமா என்பது எனக்கு நீண்ட நாளாக இருக்கும் சந்தேகம்.

முதலில் அந்த ஆட்டம். அன்று அகிலனின் கணக்கு ஏழு சண்டை, ஏழு வெற்றி. ஆஸ்க்ரன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் செய்தவர். கல்லூரி மல்யுத்தத்தில் இரண்டு முறை தேசிய வெற்றியாளர். தொழில்முறைக் கலப்புச் சண்டையில் அதுவரை தோல்வியே கண்டிராதவர். அகிலனைத் தரைக்குக் கொண்டுபோய், மேலே ஏறி, ஆர்ம் டிரையாங்கிள் என்ற பூட்டைப் போட்டார்.

இந்தப் பூட்டை ஒரு நிமிடம் மெதுவாகப் பார்ப்போம். மல்லாந்து கிடப்பவன் தற்காப்புக்காகக் கையைத் தூக்குகிறான். மேலே இருப்பவன் அந்தக் கையை அவன் முகத்தை ஒட்டியே தள்ளிவிட்டு, தன் தலையால் அதை அங்கேயே அடைத்து வைக்கிறான். பிறகு தன் கையைக் கழுத்தைச் சுற்றி வளைக்கிறான். இப்போது கழுத்தின் ஒரு பக்கத்தை மேலே இருப்பவனின் புஜம் அழுத்துகிறது. மறுபக்கத்தை அழுத்துவது கீழே கிடப்பவனின் சொந்தத் தோள். மூச்சுக்குழாயை நெரிப்பது இதன் நோக்கம் கிடையாது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு பக்கத் தமனிகள்தான் அடைபடுகின்றன. சரியாக விழுந்தால் சில வினாடிகளில் நினைவு தப்பும். அதில் கைபலம் குறைவு. இடுப்பைத் தாழ்த்தி, உடம்பை ஒரு பக்கமாக இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நடந்து நெருக்குவதுதான் வேலை. தொலைக்காட்சியில் பார்த்தால் இரண்டு பேர் கட்டிப்பிடித்துப் படுத்திருப்பது மாதிரி இருக்கும். சுவாரசியமே இல்லை. கீழே இருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும், தன் தோளே தன்னைக் கொல்ல வருகிறது என்று.

அந்தப் பூட்டை விடுவிக்க வழிகள் உண்டு. தொலைபேசியைக் காதில் வைப்பதுபோலக் கையை மடித்து இடைவெளி உண்டாக்கலாம். மேலே இருப்பவன் பக்கவாட்டில் இறங்குவதற்கு முன்பே இடுப்பைத் திருப்பலாம். இதெல்லாம் வருடக்கணக்கில் ஒருவர் மாற்றி ஒருவர் மாட்டி, தட்டி, எழுந்து, மறுபடி மாட்டிக் கற்றுக்கொள்வது. ஏழு சண்டை அனுபவம் உள்ள ஒருவரும், ஆறேழு வயதிலிருந்தே மல்யுத்தப் பாயில் புரண்ட ஒருவரும் மோதினால் என்ன நடக்குமோ அதுதான் சிங்கப்பூரில் நடந்தது. 'ஒண்ணும் இல்ல' என்பதும் தப்பு. 'மேடை ஏறியதே பெருசு' என்பதும் தப்பு. அங்கே ஒரு குறிப்பிட்ட அறிவு இன்னொரு குறிப்பிட்ட அறிவைத் தோற்கடித்தது.

தமிழில் இதற்கெல்லாம் சொல்லே இல்லையா? இருக்கிறது, வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. 'கிடுக்கிப்பிடி' ஒரு மல்யுத்தப் பிடி. இன்றைக்கு அது நாளிதழ்களில் போலீஸ் விசாரணையோடு மட்டும் வருகிறது. 'மண்ணைக் கவ்வியது' என்றால் தேர்தல் முடிவு. 'குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்ற பழமொழி கோதாவில் பிறந்திருக்க வேண்டும், வேறெங்கும் அது பொருந்தாது. அந்தப் பழமொழியைக் கவனித்தால், தோற்றபின் தரும் பில்டப்பைக் கேலி செய்ய நமக்கு எத்தனை காலமாகத் தெரிந்திருக்கிறது என்பது புரியும். அப்புறம் 'தொடை தட்டுவது.' மல்லன் களத்தில் இறங்கி, தொடையைத் தட்டி, வாடா என்பான். நம் காவியம், கூத்து, சினிமா எல்லாவற்றிலும் அந்தத் தட்டல் இருக்கிறது. இன்றைய கலப்புச் சண்டையில் இன்னொரு தட்டல் உண்டு. பூட்டில் மாட்டியவன் எதிராளியின் முதுகையோ தரையையோ இரண்டு மூன்று முறை தட்டினால், விட்டுவிடு, நான் தோற்றேன் என்று அர்த்தம். அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இந்த இரண்டாவது தட்டலுக்குத் தமிழ் வீரக் கதைகளில் இடமே கிடையாது. நம் நாயகன் சாவான், தட்ட மாட்டான்.

ஆனால் எப்போதுமே இப்படி இல்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு மோதுகிறான். கவிஞர் என்ன பார்க்கிறார்? நாயகனின் மீசையை இல்லை, கண்ணில் பறக்கும் தீப்பொறியை இல்லை. அவனுடைய ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்தியிருக்கிறது. இன்னொரு கால் மல்லன் செய்யப் பார்க்கும் தந்திரத்தைத் தடுத்தபடி முதுகுப் பக்கம் போயிருக்கிறது. எந்தக் கால் எங்கே என்று எழுதிவிட்டுத்தான் உவமைக்குப் போகிறார். பசியோடு மூங்கிலை முறிக்கும் யானை, இரண்டு முனையும் ஒடிகிறது. கூடவே ஒரு குத்தல்: விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இவன் தகப்பன் தித்தன் இதைப் பார்க்கட்டும் என்கிறார். மகனை ஒதுக்கிவைத்த தகப்பன் அவர் என்பது உரைகாரர்கள் சொல்லும் பின்னணி. குடும்பப் பகை, கைவிடப்பட்ட இளவரசன் என்று இன்றைய விளம்பர நிறுவனம் மூன்று நிமிடக் காணொளி எடுக்கப் போதுமான கதை இருக்கிறது. சாத்தந்தையார் அதற்கு ஒரு வரி கொடுத்துவிட்டுக் காலைத்தான் பார்க்கிறார். ஈப்போவில் இந்த விளையாட்டைப் பழகும் ஒரு பையனிடம் பாட்டின் பொருளைச் சொன்னேன். "அண்ணே, இது நீ ஆன் பெல்லி மாதிரில இருக்கு" என்றான். முழங்காலை எதிராளியின் மார்பிலோ வயிற்றிலோ ஊன்றி நிறுத்தும் நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பாட்டில் அவனுக்கு முதலில் அடையாளம் தெரிந்தது ஒரு முழங்கால்!

நவீன இலக்கியத்தில் இதற்குச் சமமாக எனக்குத் தோன்றுவது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. அங்கே எதிராளி மாடு. ஆனால் திமிலை எப்போது அணைவது, கொம்புக்கும் உடம்புக்கும் நடுவில் எவ்வளவு இடம், எத்தனை தவ்வலுக்குத் தாங்க வேண்டும் என்பதுதான் கதையையே இழுத்துக்கொண்டு போகிறது. பிச்சியின் வீரம் நமக்குத் தெரிவது அவன் கைகள் வழியாக. இதைச் சாதித்த எழுத்து தமிழில் குறைவு. நம் பக்கத்துத் தோட்டப் புனைகதைகளில் அடிதடி நிறைய வரும், அடி எப்படி விழுந்தது என்பது வராது.

பில்டப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதில் நம் நாடும் வருகிறது. 1975 ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகம்மது அலி ஜோ பக்னரோடு பதினைந்து சுற்று ஆடி, நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். உலக ஹெவிவெயிட் பட்டம். மூன்று மாதத்தில் மணிலாவில் ஃபிரேசியருடன் நடந்த ஆட்டம் வந்து, கோலாலம்பூர் ஆட்டத்தை உலகம் மறந்தேபோனது. ஆனால் அலி வந்ததும் பேசியதும் நம் வீடுகளில் மறக்கவில்லை. என் தாத்தா கடைசிவரை, யாராவது ரொம்பப் பேசினால் "இவரு பெரிய முகமதலி" என்பார். குத்தைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதில்லை, வாயைப் பற்றித்தான் கேட்டிருக்கிறேன். அந்த வாய் எங்கிருந்து வந்தது என்பதை அலியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1961இல் லாஸ் வேகாஸில் கார்ஜஸ் ஜார்ஜ் என்ற காட்சி மல்யுத்தக்காரரைச் சந்தித்தார். சுருட்டை முடி, பளபள அங்கி, நான்தான் அழகன் என்ற அலட்டல். தன்னை வெறுத்தாவது மக்கள் சீட்டு வாங்கட்டும் என்பது அவருடைய வியாபாரம். இருபது வயதுகூட ஆகாத அலி அதைப் பிடித்துக்கொண்டார்.

அதே காட்சி மல்யுத்தம் நம் பக்கமும் ஓடியது. கிங்காங் என்ற பெயரில் ஆடிய எமில் சாயா ஒரு மலை மாதிரி. தாரா சிங் 1940களின் இறுதியில் சிங்கப்பூர் வந்து, மலாயா வட்டாரத்தில்தான் முதலில் பெயரெடுத்தார். ஈப்போவின் ஜூபிலி பார்க் மாதிரி ஊருக்கு ஊர் இருந்த கேளிக்கைப் பூங்காக்களின் காலம் அது. பாட்டு, நாடகம், நடனம், சினிமா எல்லாம் ஒரே வேலிக்குள். சண்டையும் அதில் ஒரு காட்சி. யார் ஜெயிப்பார் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே பேசிவைத்தது. தாரா சிங்குக்கு அசல் குஸ்தி தெரியும் என்பதும் உண்மை, மக்கள் பார்த்தது ஆட்டக்கதை என்பதும் உண்மை. அதாவது, பில்டப் என்பது திறனுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட நோய் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கொட்டகையில் சேர்ந்து வளர்ந்தவை.

தோட்டத்தில் இதை வேறு பெயரில் வைத்திருந்தார்கள். சிலம்பத்தில் அலங்காரச் சிலம்பம் உண்டு, போர்ச் சிலம்பம் உண்டு. முதலாவது திருவிழாவுக்கு. கம்பு காற்றில் உறுமும், தீப்பந்தம் சுற்றும், கூட்டம் கைதட்டும். இரண்டாவது காலடி, தடுப்பு, தொடுவது. கம்பு நுனி எதிராளியின் உடம்பில் பட்டால் புள்ளி. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் திடலில் மாலை நேரத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள், லயங்கள் காலியாயின, சனங்கள் தாமான் வீடுகளுக்கும் பட்டணத்துக்கும் போனார்கள். திடல் போனதும் முதலில் போனது போர்ச் சிலம்பம்தான் என்று நினைக்கிறேன். அதற்குத் தினமும் ஒரே ஆள் எதிரில் நிற்க வேண்டும். அலங்காரத்துக்கு ஒரு விழாவும் ஒரு மேடையும் போதும், அதனால் அது பிழைத்துக்கொண்டது. கல்யாண மண்டபத்திலும் பள்ளி விழாவிலும் இன்றும் சுற்றுகிறார்கள். நன்றாகத்தான் சுற்றுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்தவன் அடிக்கவரும்போது அந்தக் கால் எங்கே போகும் என்று அவர்களில் பலருக்குச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே கிடைத்ததில்லை.

காலியான அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது கெத்து. 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குழுக்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இந்தியர்கள் என்று சொன்னது நமக்கெல்லாம் நினைவிருக்கும். எண்களால் பெயர்கொண்ட குழுக்கள். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குச் சண்டை என்றால் இந்த உலகம்தான் முதலில் அறிமுகம். அங்கே ஒருவனுக்குச் சண்டை தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. யாருடைய ஆள் என்றுதான் கேட்பார்கள். மூன்று பேர் சேர்ந்து பாராங்கோடு வரும் இடத்தில் திறனுக்கு வேலை இல்லை. கெத்து மட்டும் குறையவே கூடாது. ஒருவன் பார்த்த பார்வைக்காக ஒரு குடும்பம் பிள்ளையை இழந்த கதைகள் எங்கள் தாமானிலும் உண்டு.

அதனால்தான் ஈப்போவில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் பாய் விரித்த ஒரு கூடத்துக்குப் போய்ப் பார்த்தபோது என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியது உதையும் குத்தும் இல்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், தன்னைவிட இருபது கிலோ குறைந்த ஒரு கிளர்க்கிடம் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை தட்டினான். ஒவ்வொரு முறையும் எழுந்து, கையைத் தட்டிக்கொடுத்து, "இது எப்படிண்ணே உள்ள வந்துச்சு?" என்று கேட்டான். தெருவில் இதே பையனைப் பார்த்தால் தோளை விரித்துத்தான் நடப்பான். பாயில் அவன் எல்லார் முன்னாலும் தோற்றுக்கொண்டே இருந்தான், ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கும் வருவான். இந்தத் தட்டலை நம் கதைகளில் யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

சினிமா இந்த இடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. 2016இல் 'கபாலி' வந்தபோது நம் தோட்ட வரலாற்றுக்குக் கோட்டு போட்டுப் பார்த்த மகிழ்ச்சியில் நாம் கொண்டாடினோம். அதில் சண்டை என்பது நடையும் துப்பாக்கியும். ஐந்து வருடம் கழித்து அதே இரஞ்சித் 'சார்பட்டா பரம்பரை'யில் காலுக்கு வந்துவிட்டார். டான்சிங் ரோஸை எல்லாருக்கும் பிடித்ததற்குக் காரணம் அலட்டல் மட்டும் என்றால் அவன் ஒரு கோமாளியாக முடிந்திருப்பான். அவன் ஆடும் ஆட்டமே அவனுடைய தற்காப்பு. எங்கே அடிப்பது என்று எதிராளிக்குத் தெரியாமல் செய்வதுதான் அந்த நடனத்தின் வேலை. பலர் அவனை நசீம் ஹமீதோடு ஒப்பிட்டார்கள், சரியான ஒப்பீடு. சிறுத்தைத் தோல் அச்சுக் கால்சட்டையோடு கயிற்றுக்கு மேலே குட்டிக்கரணம் போட்டு இறங்கிய ஷெஃபீல்டுக்காரர். 2001இல் பரேரா என்ற மெக்சிகோக்காரர் அந்த ஆட்டத்தைப் பொறுமையாகப் படித்து அவரைத் தோற்கடித்தார்.

ஆகவே பில்டப்பு என்றாலே வெறும் காற்று என்று சொல்லிவிட முடியாது. கோனர் மெக்ரிகோர் மாதக்கணக்கில் ஜோசே ஆல்டோவைச் சீண்டினார். 2015 டிசம்பரில் மணி அடித்ததும் ஆல்டோ முன்னால் பாய்ந்தார், 13 வினாடியில் விழுந்தார். அத்தனை பேச்சும் அந்த ஒரு பாய்ச்சலை வரவழைக்கத்தான் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் பின்னால் எடுத்துவைத்த அரை அடியும் அந்த இடது கைக்குத்தும் பேச்சில் வரவில்லை. மூன்று வருடம் கழித்து அதே வாய் கபீப் நூர்மகமெதோவிடம் செல்லவில்லை. நான்காவது சுற்றில் தட்டினார். மீசை இருந்தது, மண்ணும் ஒட்டியிருந்தது.

ஆஸ்க்ரனுக்கு வருவோம். அவர் கதை எனக்கு இந்த விஷயத்தின் மொத்தப் பாடநூல் மாதிரி தெரிகிறது. 2013இல் பெல்லட்டர் அமைப்பில் தோல்வியே இல்லாத சாம்பியனாக இருந்தபோது விடுவிக்கப்பட்டார். யூஎஃப்சி எடுத்துக்கொள்ளவில்லை. குறை என்ன? அவர் சண்டை போரடிக்கிறது. பிடிக்கிறார், படுக்கவைக்கிறார், எழ விடுவதில்லை. அதனால்தான் ஆசியாவுக்கு வந்தார், அதனால்தான் செந்தூல் பையன் ஒருவனுக்கு ஒலிம்பிக் மல்யுத்தக்காரர் எதிரியாக வாய்த்தார். 2018இல் அவரை யூஎஃப்சி வாங்கிக்கொண்டது. பதிலுக்குக் கொடுத்தது டெமெட்ரியஸ் ஜான்சனை. தொடர்ந்து 11 முறை பட்டத்தைக் காத்தவர், உலகிலேயே பிசிறில்லாமல் சண்டையிடுபவர் என்று பலர் சொல்லும் ஆள். சின்ன உடம்பு, அலட்டல் இல்லை, சீட்டு விற்கவில்லை. ஆஸ்க்ரன் சமூக ஊடகத்தில் நன்றாக வாய் பேசுவார், வம்பிழுப்பார். அதற்குத்தான் விலை. 2019 ஜூலையில் அவர் பேசிப் பேசி மாஸ்விடாலைக் கோபப்படுத்தினார். ஓடிவந்து எகிறி அடித்த ஒரு முழங்காலில் ஐந்து வினாடியில் மயங்கினார். யூஎஃப்சியின் மிக விரைவான நாக்அவுட் அது. 2021 ஏப்ரலில் ஜேக் பால் என்ற யூடியூபரோடு குத்துச்சண்டை மேடையில் ஏறி முதல் சுற்றிலேயே விழுந்தார். இணையம் சிரித்தது. "மல்யுத்தம்னா இவ்ளோதானா?" அவர் கற்ற எதையும் பயன்படுத்த முடியாத ஒரு விளையாட்டில் அவர் தோற்றதை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். காசு வாங்கினார், போனார்.

இங்கே ஒன் நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டும். அதன் நிறுவனர் சாத்ரி சித்யொத்தோங், அமெரிக்கர்கள் மாதிரி வசை பேசி விற்கமாட்டோம், எங்களுடையது ஆசிய விழுமியம், பணிவு, மரியாதை, நாயகர்களின் கதை என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பணிவும் ஒரு பில்டப்தான். அகிலனை நமக்கு எப்படி விற்றார்கள்? பதின்ம வயதில் 150 கிலோ அளவுக்கு இருந்தவர், கேலி செய்யப்பட்டவர், உடம்பைக் குறைத்து வாழ்க்கையை மீட்டவர். எல்லாம் உண்மைதான், சாதாரண விஷயமும் இல்லை. 83.9 கிலோ வரம்புள்ள பிரிவுக்கு அவர் உடம்பைக் கொண்டுவந்ததே ஒரு தவம். ஆனால் அந்தக் கதையில் அவர் சண்டைக்காரரே இல்லை. உடம்பு இளைத்த நல்ல பையன். எடைத் தட்டில் ஏறி இறங்கினால் கதை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் கூண்டுக்குள் நடப்பது உபரி. மெக்ரிகோரின் திமிர்க் கதையிலாவது அவர் நன்றாகச் சண்டை போடுகிறவர் என்பது மையத்தில் இருக்கும். நம் பையனுக்குக் கிடைத்த கதையில் அவர் பரிதாபத்துக்குரியவர், பிறகு பாராட்டுக்குரியவர், அவ்வளவுதான். ஏழை, தோட்டத்து வாரிசு, குண்டர் கும்பலில் விழாமல் தப்பியவன் என்று மலேசியத் தமிழனுக்கு வெளியார் கொடுக்கும் கதைகள் எல்லாம் இதே அச்சு. நாமும் அதையே வாங்கி நமக்கே விற்றுக்கொள்கிறோம்.

(இலக்கியத்தில் மட்டும் வாழுதா என்ன? நம் நூல் வெளியீடுகளில் பொன்னாடை போர்த்துபவர் எழுத்தாளர் பட்ட கஷ்டத்தை இருபது நிமிடம் பேசுவார். தோட்டத்தில் பிறந்து, மின்சாரமில்லாமல் படித்து, இன்று ஐந்து நூல். நூலில் ஒரு வாக்கியத்தை எடுத்து, இது ஏன் நிற்கிறது அல்லது ஏன் சரிகிறது என்று சொல்ல ஆள் கிடையாது. அந்த எழுத்தாளருக்கு அதுதான் பெரிய அவமரியாதை என்று நான் நினைக்கிறேன்.)

அகிலனின் சிறந்த இரவு என்று நான் கருதுவது சிங்கப்பூர் இல்லை, ஷாங்காய். 2019 ஜூன் 15. எதிரில் யோஷிஹிரோ அகியாமா, செல்லப்பெயர் 'செக்ஸியாமா'. ஆளுமைக்கு உடம்பு முளைத்தால் அவர் மாதிரி இருக்கும். விளம்பர மாடல், தொலைக்காட்சி நட்சத்திரம். ஓர் இத்தாலியப் பாட்டு ஒலிக்க மெல்ல நடந்துவரும் அவருடைய வருகைக்கே ரசிகர்கள் உண்டு. கதைக்கும் குறைவில்லை. ஜப்பானில் பிறந்த கொரிய வம்சாவளி. 2002 ஆசிய விளையாட்டில், கொரியாவின் பூசான் நகரில், ஜப்பானுக்காக ஜூடோ தங்கம் வென்றவர். 2006 கடைசி நாளில் சகுராபாவோடு ஆடியபோது உடம்பில் களிம்பு பூசியிருந்தது தெரியவந்து, அந்த வெற்றி செல்லாது என்றானது. ஜப்பான் அவரை வில்லனாக்கியது. இப்படிப்பட்டவர் பல வருட இடைவெளிக்குப் பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில் கூண்டுக்குத் திரும்பிய இரவு அது. கதை முழுக்க அவர் பக்கம்.

அகிலன் வென்றார். மூன்று சுற்று, பதினைந்து நிமிடம், நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பு. நாக்அவுட் இல்லை, பூட்டு இல்லை, மறுநாள் பகிர்வதற்குப் பத்து வினாடிக் காணொளி இல்லை. ஜூடோ தங்கக்காரரிடம் நின்றபடி கட்டிப்பிடித்து நெருங்குவதே ஆபத்து, அவர்கள் இடுப்பில் ஏற்றித் தூக்கிப்போட்டுவிடுவார்கள். அந்த ஆபத்தோடு பதினைந்து நிமிடம் புழங்கி, மூன்று நடுவர்களையும் ஒப்புக்கொள்ளவைப்பது கற்றவன் செய்யும் வேலை. வயதான ஆளைத்தானே அடித்தான் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. நியாயமான வாதம், வயது ஒரு காரணம்தான். ஆனால் அவர்களில் ஒருவரும் அந்தப் பதினைந்து நிமிடத்தை முழுதாகப் பார்த்திருக்கவில்லை.

சாத்தந்தையார் பாடிய அதே ஆமூர்ச் சண்டைக்காரனைப் பற்றி நக்கண்ணையாரும் பாடியிருக்கிறார். புறம் 85. இது அவனுக்குச் சொந்த ஊர் இல்லை, சொந்த நாடும் இல்லை. அதனால் வென்றுவிட்டான் என்கிறது ஒரு கூட்டம், வெல்லவில்லை என்கிறது இன்னொரு கூட்டம். அவளும் நடுநிலையானவள் இல்லை, அவன்மேல் ஆசை வைத்தவள். ஆனாலும் ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்காரவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டுப் பக்கத்தில் மத்தளம்போல் அடிபருத்த பனைமரத்தில் சாய்ந்து நின்று, தானே பார்க்கிறாள்.

ஷாங்காய் ஆட்டத்தின் இரண்டாவது சுற்று யாருக்கு என்று நானும் என் நண்பனும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். பதினைந்து நிமிடம்தான். வருகை, பாட்டு, அறிமுகம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஒலியை அணைத்துவிட்டு, கால்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.